விளையாட்டினுள் விளங்கும் இசை

மக்கள் உள்ளத்தை வயப்படுத்தும் கலைகளுள் இசை தலைசிறந்தது என்பது எந்நாட்டார்க்கும் உடன்பாடாகும். ஆயினும், எவ்விசை ஆராய்ந்து கேட்டற்குரியது, எவ்விசை கேளாது விடுதற்குரியது என்னும் வினா எழுமிடத்து, ஒவ்வொரு தலைமுறையினரும் தமக்குப் பின் தோன்றிய இசைவகையைத் தாழ்வாகவே மதித்து வந்திருக்கின்றனர். திரைப்படம் தோன்றிய காலத்தில், படத்திற்குப் பின்னே ஒலிக்கும் இசையைத் தனிக் கலையென ஒப்புக்கொண்டவர் மிகச் சிலரே. இந்நாளில் அவ்விகழ்ச்சி வீடியோ விளையாட்டின் இசைமேல் விழுந்திருக்கின்றது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. மாணவர் ஒருவர் தம் இளம் பருவத்திலே பன்னூறு நாழிகை கேட்டு நெஞ்சிற் பதித்துக்கொண்ட இசையொன்று உண்டு. துயருற்ற பொழுதில் அவர் வாய் தானே முணுமுணுப்பதும் அதனையே. ஆயினும், நுமக்கு விருப்பமான இசை யாது என்று சபையில் வினவின், அவர் அதனைச் சொல்ல நாணி வேறொன்றைச் சொல்லுகின்றார். தாம் உண்மையில் விரும்பும் ஒன்றை மறைத்து, விரும்பாத ஒன்றைப் புகழப் பழகியவர்க்குச் சுவையுணர்ச்சி எங்ஙனம் வளரும்? ஆதலின் அந்நாணத்திற்குக் காரணம் உண்டோ இல்லையோ என்பதை ஒரு நூலை எடுத்துக்கொண்டு ஆராய்தல் நலமென்று கருதினோம். பலவற்றை மேலோட்டமாகக் கூறுதலினும் ஒன்றை உற்று நோக்குதலே பயன் தருமாதலின், 'பைனல் பான்டசி' என்னும் வரிசையின் ஆறாம் விளையாட்டையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

இவ்விளையாட்டு, 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஜப்பான் நாட்டு ஸ்கொயர் என்னும் நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. இது பாத்திரமேற்று ஆடும் வகையைச் சார்ந்தது. அஃதாவது, ஆடுவோன் ஒரு கற்பனைக் கதையின் மாந்தரைத் தானே நடத்திக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று, கண்டாரோடு உரையாடி, பகைவரோடு பொருது, கதையை முடிவுவரை கொண்டு செலுத்துவான். முடித்தற்கு முப்பது நாற்பது மணி நேரம் வேண்டும். மந்திர ஆற்றலைக் கவர்ந்து உலகையாள முயலும் பேரரசொன்றும், அதனை எதிர்த்து நிற்கும் சிறு கூட்டத்தினரும் இக்கதையின் இரு தரப்பினர். இதற்கு இசை வகுத்தவர் நோபுவோ உவெமட்சு என்பவர்.

உவெமட்சு 1959-ஆம் ஆண்டு ஜப்பானிலுள்ள கோச்சி என்னும் ஊரிற் பிறந்தார். இசைப்பள்ளியிற் பயின்றவரல்லர், இளமையிலே தாமாகவே பியானோ வாசிக்கக் கற்றுக்கொண்டவர். எல்டன் ஜான் முதலிய ஆங்கிலப் பாடகரின் இசையே அவரை முதலில் ஈர்த்தது. 1986-ஆம் ஆண்டில் ஸ்கொயர் நிறுவனத்திற் சேர்ந்து, 1987-இல் வெளிவந்த முதல் பைனல் பான்டசிக்கு இசையமைத்தார். ஆறாவது விளையாட்டைத் தொடங்குங்கால் அவர் இத்துறையில் பல்லாண்டுப் பயிற்சியுடையவர். எனவே, கருவியின் வலிமையும் வறுமையும் இரண்டும் அவருக்கு நன்கு தெரிந்திருந்தன.

அவ்வறுமை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நிழலின் அருமை வெயிலிலன்றோ தெரியும்! இவ்விளையாட்டு சூப்பர் பாமிகாம் என்னும் பெட்டியில் ஆடுதற்கென அமைந்தது. அப்பெட்டியின் ஒலிக்கருவியைச் சோனி நிறுவனத்தைச் சார்ந்த கென் குட்டராகி என்பார் வகுத்தார். அக்கருவி ஒரே நேரத்தில் எட்டு ஒலிகளையே எழுப்ப வல்லது. அதற்குரிய நினைவிடமோ 64 கிலோபைட்டு. குறுந்தட்டில் ஒரு விநாடி இசையைப் பதிவு செய்ய ஏறக்குறைய 176 கிலோபைட்டு வேண்டும். ஆகவே அந்நினைவிடம் முழுவதையும் கொண்டு குறுந்தட்டின் தரத்தில் அரை விநாடி இசையையும் பதிய இயலாது. விளையாட்டு முழுவதும், அதன் படங்கள், உரையாடல்கள், கணக்குகள் யாவும் உட்பட, அடங்கியிருந்த தகடு மூன்று மெகாபைட்டு அளவினதே.

இத்துணைச் சிறிய இடத்தில் மணிக்கணக்கான இசை எங்ஙனம் அடங்கிற்று? இசை ஒலியாக வைக்கப்படாமல் குறிப்பாக வைக்கப்பட்டதே அதன் மறை. வயலினின் ஒரு சுரம், குழலின் ஓர் ஊதல், முரசின் ஓர் அடி என இவ்வாறு மிகச் சிறிய ஒலித்துணுக்குகள் சில மட்டும் பதிவு செய்யப்பட்டன. எந்தத் துணுக்கை, எந்தச் சுரத்தில், எவ்வளவு நேரம் ஒலிப்பது என்னும் கட்டளைகள் தனியே எழுதப்பட்டன. வித்துவான் ஒருவர் சுரக்குறிப்பு எழுதிய ஏட்டைப் பார்த்து வாசிப்பதுபோல, அப்பெட்டியும் அக்குறிப்பை நோக்கி அந்நொடியே வாசித்தது. ஆடுவோன் கேட்டது பதிவு அன்று; ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழ்ந்த வாசிப்பேயாம்.

இதனால் இசையமைப்போர்க்கு நேர்ந்த கட்டுப்பாடு ஒன்றுண்டு. எட்டு ஒலிகளுள் தாளத்திற்குச் சில, அடிநாதத்திற்கு ஒன்று, துணைச் சுரங்களுக்குச் சில என்று பகிர்ந்தபின் எஞ்சுவது மிகக் குறைவு. வாளோசையும் இடியோசையும் அவ்வெட்டினுள்ளேயே இடம் வேண்டும். அவை ஒலிக்குங்கால் இசையின் ஓர் உறுப்பு சிறிது மறையும். எண்பது பேர் கூடிய வாத்தியக் குழுவின் பெருமுழக்கத்தால் கேட்போரை மயக்கும் வழி இங்கே அடைபட்டது. எனவே மெட்டின் வலிமை ஒன்றையே நம்பவேண்டியதாயிற்று. அலங்காரம் அனைத்தையும் களைந்த பின்னும் நிற்கும் மெட்டே இங்கே நின்றது. உவெமட்சுவின் பாடல்களை ஒற்றைப் பியானோவிலோ ஒரு புல்லாங்குழலிலோ வாசித்தாலும் அவை குன்றாது விளங்குவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது கட்டுப்பாடு காலத்தைப் பற்றியது. நாடகத்திற்கு இசை வகுப்பவர் இக்காட்சி இத்துணை நிமிடம் நடக்கும் என்பதை அறிவார். விளையாட்டிற்கு வகுப்பவரோ அதனை அறியார். ஊர்ச்சதுக்கத்தில் ஒருவன் அரை நிமிடம் நிற்பான். மற்றொருவன் அரை மணி நேரம் உலாவுவான். ஆதலின் அவ்விசை முடிவின்றிச் சுழன்று வருதல் வேண்டும். முடிந்த இடமே தொடங்கும் இடமாதல் வேண்டும். நூறுமுறை கேட்பினும் செவிக்குப் புளித்தல் ஆகாது. இது பூமாலை தொடுப்பதுபோல்வது: இரு நுனிகளும் கூடும் முடிச்சு கண்ணிற் படலாகாது. இவ்வரிசையின் தொடக்க இசையாகிய முகப்புப் பண், படிப்படியாக ஏறி இறங்கும் தனிச்சுரங்களாலேயே ஆயது. அஃது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று ஆராயாமலே மனம் அதனுடன் செல்வது இம்முறைக்கு நல்ல சான்று.

இனி, இவ்விளையாட்டின் இசையமைப்பிலே யாம் முதன்மையாகக் கருதுவதைக் கூறுவோம். இதன்கண் ஆடுவோனாற் செலுத்தப்படும் மாந்தர் பதினால்வர். கதைக்கு இன்றியமையாத ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பண் வகுக்கப்பட்டிருக்கின்றது. நம் கூத்தரங்கிலும் ஒவ்வொரு வேடமும் தனக்குரிய பாட்டோடு வெளிப்படுதல் உண்டன்றோ? மேனாட்டில் வாக்னர் என்னும் ஜெர்மானிய இசைப்புலவர் இம்முறையைத் தம் நாடகங்களில் விரிவாக ஆண்டார். ஒரு மாந்தரையோ ஒரு கருத்தையோ குறிக்கும் சிறுமெட்டை வேண்டுமிடந்தோறும் வேறு வேறு உருவில் வருவித்து, சொல்லால் உணர்த்தாததை இசையால் உணர்த்துதல் அம்முறையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாக எட்கர், சாபின் என்னும் இரட்டையரை நோக்குவோம். எட்கர் அரசன், சாபின் அரண்மனையை நீத்து மல்யுத்தம் பயின்றவன். இருவர்க்கும் ஒரே பண். எக்காளம் முழங்கும் மிடுக்கான அணிநடைப் பண். பின்னர் ஓரிடத்தில் அவர்தம் பழங்கதை வெளிப்படுகின்றது. தந்தை இறந்த இரவில், அரசு எனக்கு வேண்டா என்று தம்பி கதறினான். அண்ணன் ஒரு நாணயத்தை எடுத்து, இதனைச் சுண்டுவோம், வென்றவன் தன் விருப்பப்படி செல்க என்றான். நாணயம் சுண்டப்பட்டது, தம்பி விடுதலை பெற்றான், அண்ணன் அரச பாரத்தைத் தாங்கினான். அக்காட்சியில் ஒலிப்பது பழைய அணிநடைப் பண்ணே. ஆயினும் எக்காளம் இல்லை, முரசம் இல்லை. அதே சுரங்கள் மெல்ல மெல்ல நடந்து ஏக்கமாக ஒலிக்கின்றன. இன்னும் பின்னர், அந்நாணயத்தின் இருபுறமும் ஒரே முத்திரை உடையதென்பது தெரியவருகின்றது. அண்ணன் வேண்டுமென்றே தோற்றான்! இதனை அறிந்தபின் முன்னைய மிடுக்கான பண்ணைக் கேட்போர்க்கு, அதனுள்ளே ஒளிந்திருந்த அன்பும் கேட்கும். சுரம் மாறவில்லை, கேட்பவர் மாறினார்.

இவ்விளையாட்டிற் பலராலும் போற்றப்படும் பகுதி அதன் ஆபராக் காட்சியாகும். ஆபராவாவது முழுவதும் பாடப்படும் மேனாட்டு இசைநாடகம். பேரரசின் படைத்தலைவியாயிருந்து அதனை வெறுத்து நீங்கிய செலிஸ் என்னும் பெண், மரியா என்னும் பாடகியின் உருவை ஒத்தவளாதலின், அவளுக்கு மாறாக மேடையேற நேருகின்றது. நாடகத்தில் அவள் போருக்குச் சென்ற காதலன் டிராகோவை நினைந்து கோட்டை மாடத்தில் நின்று பாடுகின்றாள். ஈண்டு ஆடுவோனுக்கு ஒரு கடமை விதிக்கப்பட்டிருக்கின்றது. பாட்டின் அடுத்த அடி யாது என்பதை அவனே தேர்ந்து கூறவேண்டும். மேடையில் எப்புறம் நடப்பதென்பதையும் அவனே நடத்தவேண்டும். பிழைத்தால் அரங்கேற்றம் இடையிலே முறிந்துவிடும். எனவே அவன் பாட்டின் அடிகளை முன்னரே கருத்தூன்றிப் படித்திருத்தல் வேண்டும்.

அப்பெட்டி மனிதக் குரலைப் பாடச் செய்யும் ஆற்றல் உடையதன்று. குரலை ஒருவாறு ஒத்த ஒரு செயற்கை ஒலி மெட்டைப் பாட, சொற்கள் திரையிலே எழுத்தாகத் தோன்றின. பின்னர், 2022-ஆம் ஆண்டில் வந்த புதுப்பதிப்பில் உண்மையான பாடகர் குரல்கள் சேர்க்கப்பட்டன. அவை செவிக்கு இனியனவே. எனினும் பழைய ஊமைக் குரலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு என்பது எம் கருத்து. சொல் திரையிலும், மெட்டு செவியிலும் பிரிந்து நின்றமையின், இரண்டையும் இணைத்துப் பாடும் வேலை கேட்போன் உள்ளத்திற்கே வந்தது. அவன் தன் மனத்துள்ளே பாடினான். தானே பாடிய பாட்டை யார் மறப்பார்?

இனி அக்காட்சியின் பயன் அத்துடன் முடியவில்லை. கதையின் நடுவிலே உலகம் அழிகின்றது. கெப்கா என்னும் கொடியவன் மந்திரத் தெய்வங்களின் நிலையைக் குலைக்க, நிலம் பிளந்து, ஊர்கள் பாழாகின்றன. நாயகர் அதனைத் தடுக்கவில்லை, தோற்றனர். ஓராண்டின் பின் செலிஸ் கடலிடைத் தீவு ஒன்றிலே கண்விழிக்கின்றாள். தோழர் உயிரோடு உள்ளாரோ என்பது தெரியவில்லை. அத்தீவிலே கேட்கும் அவளுடைய பண், முன்பு மேடையிற் பாடிய அவ்வாபராப் பாட்டின் மெட்டே. அங்கே அரங்கு நிறைந்த மக்கள் இருந்தனர். இங்கே கேட்பார் ஒருவரும் இலர். அங்கே பிரிந்த காதலனை நினைவது நடிப்பு. இங்கே பிரிந்தவரை நினைவது மெய். இதனை விளக்கக் கதாசிரியர் ஒரு சொல்லும் செலவிடவில்லை. மெட்டு ஒன்றே இரண்டையும் பிணித்துக் காட்டிவிட்டது.

உலகப்படத்தில் நடந்து செல்லுங்காலும் இம்மாற்றம் உணர்த்தப்படுகின்றது. அழிவிற்கு முன், வெளியெங்கும் டெரா என்னும் நாயகியின் பண் ஒலித்தது. விளையாட்டின் தொடக்கத்திலே பனிவெளியில் மூவர் நடந்து செல்லும்பொழுது கேட்ட பண்ணும் அதுவே. அழிவிற்குப் பின் அப்பண் இல்லை. அதற்கு மாறாகக் காற்றின் ஓலமும் ஆர்கனின் கனத்த ஒலியும் கலந்த இருண்ட இசையொன்று எங்கும் சூழ்கின்றது. ஆடுவோன் அவ்விசையினூடே நெடுந்தூரம் நடக்கவேண்டும். பின்னர்ப் புதிய வானூர்தி ஒன்று கிடைத்து அது மேலெழும் கணத்திலே, தோழரைத் தேடிச் செல்லும் மற்றொரு பண் தொடங்குகின்றது. அது வெற்றி முழக்கம் அன்று. துயரம் நீங்காத, ஆயினும் நடக்கத் துணிந்த ஒருவனது இசை. இருளில் நெடுநேரம் தானே நடந்தவனுக்கு மட்டுமே அதன் முழுப் பயன் விளங்கும். விளையாட்டின் இசைக்கும் பிறவிசைக்கும் உள்ள வேறுபாடு இதுவென்க. நாடகத்தில் பிறர் நடந்த வழியைக் காண்கின்றோம். இங்கே நடந்தவர் நாமே.

இறுதிப் போரின் இசையைப்பற்றியும் ஒரு சொல். அது நான்கு பகுதிகளை உடையது. இசைத்தட்டில் ஏறக்குறைய பதினேழு நிமிடம் நிகழ்வது. பகைவன் மூன்று அடுக்குகளுக்குப் பின் நான்காவதாகத் தானே வெளிப்படுகின்றான். ஒவ்வோர் அடுக்கிற்கும் இசையின் ஒவ்வொரு பகுதி. ஆர்கனே இதன் தலைமைக் கருவி. விளையாட்டின் முகப்பிலே அச்சுறுத்திய ஆர்கன் ஒலி ஈண்டு மீண்டும் வந்து, தொடக்கத்தையும் முடிவையும் ஒன்றாக்குகின்றது. கெப்காவின் கோமாளிப் பண்ணும் இடையே உருமாறித் தோன்றுகின்றது. அது முடிந்தபின் வரும் நிறைவுக் காட்சியிலோ, தோழர் ஒவ்வொருவருடைய பண்ணும் வரிசையாக வந்து விடைபெற்றுச் செல்கின்றது. மாந்தரை மறந்தாலும் பண்ணால் அவரை அறிந்து கொள்ளலாம் என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

இதற்குச் சிலர் கூறும் தடைகளையும் நாம் கருதவேண்டும். விளையாட்டின் நினைவே இவ்விசையை இனிதாக்குகின்றது. நினைவை நீக்கினால் இசை நிற்குமோ என்பர். இத்தடை முழுதும் பொய்யன்று. போர்க்களப் பண்கள் சில, தனியே கேட்குங்கால் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அறைவனவாகத் தோன்றலாம். எனினும் நினைவோடு கலந்து இனிமை பெறுதல் ஓர் இசைக்குக் குற்றமாமோ? தாய் பாடிய தாலாட்டும், திருமண நாளிற் கேட்ட நாயனமும் எதனால் நமக்கு இனிக்கின்றன? இசை நினைவைச் சுமக்கவேண்டுமாயின், சுமக்கத்தக்க உருவம் அதற்கு இருத்தல் வேண்டும். உருவமற்ற ஓசையில் எந்த நினைவும் தங்காது.

மேலும், இவ்விசை விளையாட்டை விட்டு வெளியே வந்தும் நின்றிருக்கின்றது. ஜெர்மனியில் லைப்சிக் நகரின் கெவண்ட்ஹவுஸ் மண்டபம் மேனாட்டு இசைக்குப் புகழ்பெற்ற இடம். அங்கே 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், விளையாட்டிசையை வாத்தியக் குழுவினர் வாசித்த கச்சேரி நடந்தது. அதில் பைனல் பான்டசி இசையும் இடம்பெற்றது. 2021-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாட்டு வீரர் அணிவகுத்து வந்தபொழுது ஒலித்தவற்றுள் இவ்வரிசையின் இசையும் ஒன்று. விளையாடியறியாத பல்லாயிரவர் அதனை விழாவிற்குரிய இசையாகவே கேட்டனர்.

இவ்விசையைச் சுவைக்க விரும்பும் மாணவ நண்பர்க்கு எம் அனுபவத்திற் கண்ட முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாவது, ஒரு பண்ணைக் கேட்குங்கால் மேல்மெட்டை விடுத்து அடிநாதத்தை மட்டும் ஒருமுறை பின்தொடர்க. எட்டு ஒலிகளே ஆதலின் அவற்றைப் பிரித்தறிதல் அரிதன்று, வாத்தியக் குழுவின் பேரிசையைக் கேட்டற்கும் அது நற்பயிற்சியாகும். இரண்டாவது, பண் சுழன்று தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முயல்க. மூன்றாவது, ஒரு மெட்டு வேறு வேடம் பூண்டு வருமிடங்களைக் குறித்துக்கொள்க. எது மாறிற்று, எது மாறவில்லை, ஏன் என்று வினவுக. நான்காவது, திரையை அணைத்துவிட்டு இருளிலே கேட்க. அப்பொழுதும் நிற்பது எது என்பது தானே புலனாகும்.

இவற்றைச் செய்தபின், தாம் விரும்பிய இசை அத்துணைச் சிறந்ததன்று என்று ஒருவர் முடிவு செய்யவும் கூடும். அதனால் இழுக்கில்லை, ஆராய்ந்து விடுதலும் அறிவே. அன்றி, அது சிறந்ததே என்று தெளிவாராயின், யாதொரு சபையிலும் அதன் பெயரைக் கூற நாணவேண்டுவதில்லை. சிறப்பென்று பிறர் காட்டியதை ஒப்புவிப்பவன் சுவைஞன் ஆகான்; தான் விரும்புவது இது, விரும்பும் காரணம் இது என்று உரைக்க வல்லவனே சுவைஞன். எட்டே ஒலிகளும் ஒரு சிறு பெட்டியும் கொண்டு ஒருவர் இத்துணை இயற்றினார் எனின், அதனைச் செவ்வையாகக் கேட்க நம்மால் இயலாதோ?